அலகுத் திமிங்கிலம், ஒன்று

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். பொம்மனஹள்ளியில் பஸ்ஸுக்கு நின்று செருப்பெல்லாம் சேறு. ஆபீஸில் டால்பின் படங்களை ஜோடி சேர்க்கும் வேலை. ஏப்ரலில் கொச்சிக்கு மேற்கே உள்ள தீவுகளைச் சுற்றிப் படகிலிருந்து எடுத்தவை. ஒரே டால்பினா என்று பார்க்க, முதுகுத் துடுப்பில் இந்த வெட்டு அந்த வெட்டா, இந்தத் தழும்பு அந்தத் தழும்பா. மத்தியானம் வரை ஒன்றும் பொருந்தவில்லை. வருத்தமும் இல்லை. இப்போதெல்லாம் எதற்கும் இல்லை.

வாங்க: சோப்பு, ரவை, போன் சார்ஜர்.

ஜூன் 10, செவ்வாய்

ஏப்ரல் கணக்கெடுப்பின் அறிக்கை வெள்ளிக்கிழமை போகிறது. இனப் பட்டியலைப் பார்த்தேன். கடைசி வரி: "அலகுத் திமிங்கிலம், ஒன்று. பார்த்தவர்: நித்யா. படம் இல்லை." பறவை அலகு போல மூக்கு நீண்டது, அந்தத் தீவுகளில் நாங்கள் இதுவரை பதிவு செய்யாத இனம்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. அம்மா இறந்த செய்தி படகுக்கு சாட்டிலைட் போனில் வந்த நேரம் அது. பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டேன். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் பார்த்தால்தான் கணக்கெடுப்பு. ஆள் குறைந்தால் நிறுத்திவிடுவோம். நிறுத்தினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் கடலைப் பார்த்தேன். ஒரு பெரிய முதுகு எழுந்தது, முங்கியது. "என்னமோ பெரிசா" என்றேன். அவ்வளவுதான்.

கப்பல் கிடைத்து, கொச்சி வந்து, ஆனேக்கல் வீட்டுக்குப் போனபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

ஜூன் 12, வியாழன்

கிரணிடம் கேட்டேன். அன்று படகில் வலப்பக்கம் பார்த்தவன். நெளிந்தான்.

"மேடம்தான் சேக்க சொன்னாங்க. நீ அப்டி உக்காந்திருந்தல்ல... உனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னு. ஏ பிடு, விட்டுடு, யார் கேக்கப் போறாங்க?"

பத்மினி மேடம் அறைக்குப் போனேன். ஆய்வுப் பொறுப்பு அவருடையது.

"நீ பாத்தியா இல்லியா?"

"பாத்தேன் மேடம். என்ன இனம்னு தெரியாது."

"முதல் பதிவும்மா. உன் பேர் நிக்கும்."

"எங்கம்மா போனதுக்கு ஆறுதல் பரிசா மேடம்?"

கேட்ட பிறகுதான் கோபம் என்று தெரிந்தது. அம்மா போன பிறகு வந்த முதல் கோபம். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட எண்ணம் இல்லை, அதுவும் தெரியும். நல்ல மனசு படுத்தும் பாடு.

"மாத்திடு" என்றார்.

ஜூன் 13, வெள்ளி

வெயில். வரியை எடுத்துவிட்டேன். பதிலுக்கு: "பெரிய திமிங்கிலம், இனம் தெரியவில்லை." அறிக்கை போய்விட்டது. மசால் தோசை, பாதி மிச்சம்.

சாயங்காலம் அப்பா போன். முன்பெல்லாம் பேசுவது அம்மாதான், அப்பா பின்னால் இருமுவார். இப்போது அவரே கூப்பிடுகிறார், பேச வரவில்லை. தண்ணி லாரி வரல என்றார். கரண்ட் போச்சு என்றார். பிறகு:

"அன்னிக்கி கடல்ல ஏதாச்சும் பாத்தியாமா? உங்கம்மாவா இருந்தா மொதல்ல அதத்தான் கேட்டிருப்பா."

"பாத்தேம்பா."

"என்னது?"

"தெரியலப்பா. பெரிசு."

"கிட்டயா?"

"ரொம்பக் கிட்டப்பா."

நான் போனை வைக்கவில்லை. அப்பாவும் போனை வைக்கவில்லை.