முன்கூட்டியே போட்ட டிக்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நேற்று மருத்துவரிடமே கேட்டு உறுதி செய்துகொண்ட நலம் இது, ஏன் என்று கீழே சொல்கிறேன். உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பட்டாளத்தில் வயர்லெஸ் கருவிகளைப் பழுது பார்த்தாய், பிறகு கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதினாய், இப்போது எல்லோருடைய வேலைமுறையிலும் தவறு எங்கே நுழைகிறது என்று பார்த்துச் சரிசெய்யும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். நீ உள்ளே வந்தாலே “போலீஸ்காரி வந்துட்டா, வாயை மூடு” என்று சிரிக்கிறார்களாம், மேலாளரோ தப்பு செய்தவன் பெயரைக் கொடு, போதும் என்கிறாராம். வருகிற வெள்ளிக்கிழமை இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பழையபடி நிரல் எழுதப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறாய். என்னிடமா கேட்கிறாய்? நீ பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்று பேருந்து நிலையம்வரை வரத் துணிவில்லாமல் வீட்டில் உட்கார்ந்து குடையைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நான். அறிவுரை சொல்லத் தகுதி உண்டா என்று தெரியவில்லை, அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

போன விடுமுறையில் மருந்து அலமாரியில் ஒரு தாள் ஒட்டினாயே, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்த பிறகு கட்டத்தில் டிக் போட வேண்டும், பட்டாளத்தில் இப்படித்தான் என்று. தினமும் போட்டால் டிக் கோணல்மாணலாக விழுகிறது, எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் ஒரே அளவில் அழகாகப் போட்டு வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை பிரஷர் மாத்திரை கொடுத்தேனா இல்லையா என்று சந்தேகம் வந்தது. தாளைப் பார்த்தால் சனிக்கிழமைவரை கொடுத்தாயிற்று என்கிறது. அதை நம்ப முடியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றையும் கொடுத்துவிட்டேன். பத்து மணிக்கு அம்மா தலைசுற்றிச் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் என்று சொன்னேன். அதன் பிறகு தாளில் இருந்த டிக்குகளை அழிக்கவும் பயம், ஏன் என்று கேட்பாளே. சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து ரகசியமாகக் குறித்துவந்தேன். யார் செய்தது என்ற கேள்வி வந்தால் இந்த வீட்டில் என்னைத் தவிர வேறு ஆள் ஏது?

நேற்று அம்மா தாளைப் பார்த்துவிட்டு, “நாளைக்குக் குடுக்கப்போற மாத்திரைக்கு இன்னிக்கே டிக் இருக்கே, எப்படிங்க?” என்றாள். யார் என்று கேட்கவில்லை, எப்படி என்றுதான் கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “நாலு நாளா வெயிலைத் திட்டினேனே, பாவம்” என்று சிரித்தாள். மருத்துவரும் பாதிப்பில்லை என்றார்.

உன் அலுவலகத்தில் தப்பு செய்தவனும் இப்போது சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதத்தோடுதான் உட்கார்ந்திருப்பான். யார் என்று கேட்க அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், அம்மா கேட்டதுபோலக் கேட்க நீ ஒருத்திதான் இருக்கிறாய் என்று தோன்றுகிறது. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம், முடிவு உன்னுடையது. இது வெள்ளிக்குள் கிடைக்கட்டும் என்று விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எங்கள் இருவரின் ஆசியும் உன்னோடு இருக்கும். படியேறும்போது வலிக்கிற முழங்காலுக்குப் பட்டை போட மறக்காதே. புதுத் தாள் ஒட்டியாயிற்று, இன்றைய டிக் கோணலாகத்தான் விழுந்திருக்கிறது. அடுத்த முறை நீ விடுமுறை முடிந்து இங்கிருந்து கிளம்பும்போது பேருந்து நிலையம்வரை வருவேன். அதற்கும் தாளின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன், காலியாகவே இருக்கிறது, வந்த பிறகுதான் டிக்.

என்றும் உன் நினைவில்,
அப்பா