நான் கட்டிய படி

அன்பான அம்மாவுக்கு,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? தங்கை சொன்னால் நம்ப மாட்டேன், நீயே சொல். நான் நலம். கால் கட்டைவிரலில் மட்டும் சின்னக் காயம், பதறாதே.

இங்கே பஸ் நிறுத்தம்வரை நடைபாதை போடுகிறோம். சாலையில் இறங்கும் இடத்தில் சரிவு வைக்கச் சொன்னார்கள். கைப்பழக்கத்தில் நான் படி கட்டிவிட்டேன். மேஸ்திரி சோதிக்கத் தள்ளிவந்த கல் ஏற்றிய கைவண்டி படியில் குடைசாய்ந்து, ஒரு கல் என் காலில் விழுந்தது.

"இது என்னய்யா, உங்க வீட்டு வாசலா?" என்று கத்திவிட்டு, அவரே மருந்தும் போட்டார்.

இடித்துச் சரிவாக்கினேன். மறுநாள் உன் வயதுள்ள அம்மா ஒருவர், கைத்தடியோடு வந்தவர், கீழேகூடப் பார்க்காமல் இறங்கிப்போய் பஸ் ஏறினார்.

நம் வீட்டு வாசற்படியும் இதே கை கட்டியதுதானே. அது எத்தனை சாண் என்று அளந்து எழுது. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நான் வந்து அதை இடிக்கும்வரை தங்கையின் தோளைப் பிடித்தே இறங்கு.

உன் மகன்