அக்கா, உன் தழும்பை நான்தான் அழித்தேன்

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்காவுக்கு,

நீ போய் இருபத்திரண்டு நாளாகிவிட்டது. நான் ஐந்தாவதோடு நின்றவள். படம் எடுப்பேன், எழுதத்தான் கை வராது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

செக்காலை ரோட்டில் என் போட்டோ ஸ்டூடியோ பழையபடி ஓடுகிறது. காலையில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆள் வருகிறார்கள். மதியம் எதிர்க்கடைப் பூக்காரம்மா பூவை ஈரத்துணியால் மூடிவிட்டுச் சாப்பிட உட்காருகிறாள். அந்த ஈரத்துணியில் விழும் வெயிலை இன்றைக்கும் எடுத்தேன். "ஒரே தெருவ எத்தன வாட்டிடி எடுப்ப?" என்று கேட்கத்தான் நீ இல்லை.

சொல்ல வந்தது வேறு. கருமாதிக்கு மாலை போட உன் மகள் மீனா ஒரு படம் கேட்டாள். அவள் கல்யாணத்தில் உன்னை எடுத்ததைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கோவிலூரில் உன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் அதைப் பார்த்தபடியே நின்றாள்.

"சித்தி, இது எங்கம்மா மாதிரி இல்லையே. கன்னத்துத் தழும்ப எங்க கொண்டுபோயி வச்சீக?"

"டச்சப் பண்ணுனேன்டி. படம்னா பளிச்சுனு இருக்க வேணாமா?"

"பளிச்சுனு இருந்து என்ன செய்ய? அந்தத் தழும்புல வெரல வச்சுக்கிட்டுத்தான் நான் தூங்குவேன்."

பிறகு உன் தகரப்பெட்டியைத் திறந்து காட்டினாள். இத்தனை வருசமாக நான் கொடுத்த படமெல்லாம் அந்துருண்டை போட்டு, வெள்ளைத் துணியில் சுற்றி அப்படியே இருந்தது. ஒன்றைக்கூட நீ சுவரில் மாட்டவில்லை. "அழகாத்தான் இருக்கா, யாரு வீட்டுப் பொம்பளையோ" என்று ஒவ்வொரு தடவையும் சிரிப்பாய். சிரித்துச் சிரித்தே சொல்லிப் பார்த்தாயா அக்கா? எனக்குத்தான் உறைக்கவில்லையா?

அன்றைக்கு வேறு வழியில்லாமல் அந்தப் படத்துக்கே மாலை போட்டாள். நான் கடைக்கு வந்து நான்கு நாள் தேடினேன். எடுத்த படத்திலெல்லாம் உன் கன்னம் வழவழவென்று இருந்தது.

கடைசியில் மேசை டிராயரில் கேமராவின் பழைய மெமரி கார்டு ஒன்று கிடைத்தது. போன ஐப்பசிப் புயலில் எடுத்தது. கரண்டு போனதால் கம்ப்யூட்டரில் ஏற்றாமலே மறந்திருக்கிறேன். தார்ப்பாய் பறக்கிற தெருவை நான் வாசலில் நின்று எடுக்கிறேன். நீ பஸ்ஸிலிருந்து இறங்கி நனைந்து ஓடி வருகிறாய். "கூறுகெட்டவளே, போர்டு பிச்சுக்கிட்டு ஆடுது, படமா புடிக்கிற? உள்ள வாடி." திரும்பி ஒன்று அமுக்கியிருக்கிறேன். நெற்றியில் ஒட்டிய முடி, ஏசுகிற வாய், ஈரத்தில் மினுங்குகிற தழும்பு. நீயேதான்.

அதைக் கம்ப்யூட்டரில் திறந்ததும் என் கை பழக்கத்தில் தழும்புக்குத்தான் போனது. அப்போதுதான் எனக்கே விளங்கியது, நான் அழித்துக்கொண்டிருந்தது எதை என்று.

அப்போது எனக்கு ஆறு வயசு. வெள்ளைப் பணியாரம் சுட எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கரண்டியைப் பிடித்து இழுத்தேன், சட்டி சாய்ந்தது. என்னைத் தள்ளிவிட்டு நீ நடுவில் வந்து நின்றாய், எண்ணெய் உன் கன்னத்தில் தெறித்தது. அம்மா ஓடி வந்து கேட்டபோது, "நாந்தான் தட்டிவிட்டேன்" என்றாய். அதையே உன் மகளிடமும் சொல்லி வைத்திருக்கிறாய். உன்னை அழகாக்கத்தான் அதை அழிக்கிறேன் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

புயல் படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் பிரிண்ட் போட்டுவிட்டேன். வாய் திறந்த படத்துக்கு மாலையா என்று சொந்தபந்தம் கேட்கும். கேட்கட்டும்.

பத்திரிகைக்கு அனுப்பப்போகிற இந்தக் கடிதம் அச்சில் வருவதற்கு முன்னால், சட்டியைச் சாய்த்தது நான்தான் என்று மீனாவிடம் நானே சொல்லிவிடுவேன். இன்றைக்குச் சாயங்காலம் படத்தோடு கோவிலூருக்குப் போகிறேன். அவள் அழுதாலும் ஏசினாலும் பாதியில் எழுந்து வர மாட்டேன். நீ இருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றுகொள்வாய். இந்தத் தடவை வராதே அக்கா. என் மேலே விழட்டும்.

உன் தங்கச்சி,
லெட்சுமி