பொற்குடம் வென்ற நாடகம் குறித்து வெள்ளிமுனைக்கு

கடல் சூழ் வெள்ளிமுனைத் தீவின் பேரமைச்சர் தாமிரசேனருக்குக் குறும்பாறை நாட்டு மந்திரி பெருங்காரி வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் துறைகளில் கலங்கள் நிறைக. தங்கள் மன்னர் நெடிது வாழ்க.

தாங்கள் அனுப்பிய நாடகம் நேற்று மாலை எங்கள் பெருமண்டபத்தில் நடந்தது. நடுவே அரசி நல்லமங்கையார், வலப்புறம் தங்கள் தூதர், இடப்புறம் யான், எனக்குப் பின்னே படைத்தலைவர் வேழமுடியார், தூண்களுக்கு அப்பால் நகரத்தார். அரசியாரின் ஒரே மகன் கதிரேந்தி அமரும் இருக்கையில் எவரும் அமரவில்லை. தங்கள் நாட்டுக்குக் கல்வி கற்கச் சென்ற இளவரசர் அங்கே காய்ச்சலில் மாண்டதும், அவ்விடத்து வழக்கப்படி அங்கேயே புதைக்கப்பட்டதும் தாங்கள் அறிந்தவையே. அவர் எலும்புகளைக் கேட்டு இரு முறை எழுதினோம். துயர் ஆற்றும் என்ற சொல்லோடு, தங்கள் மன்னர் கையால் பொற்குடம் வென்ற இந்நாடகம் வந்து இறங்கிற்று.

குறை சொல்வதாக எண்ணற்க. நாடகத்தில் தந்தை மாண்டு கிடக்க, மக்கள் மூவரும் சுற்றி அமர்ந்து, அவருக்குத் தம்முள் எவர்மேல் பாசம் மிகுதி என்று விளக்குகளில் எண்ணெய் வற்றும்வரை வழக்காடினர். நகரத்தார் கொட்டாவி விட்டனர். வேழமுடியார் என் காதருகே குனிந்து, “மந்திரியாரே, இத்தனை பேரில் செத்தவர் ஒருவர்தாம் ஒழுங்காக நடிக்கிறார்” என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அரசியாரை நோக்கினேன்.

அவர் பார்வை பிணமாய்க் கிடந்த நடிகரின் பாதங்களிலேயே நின்றது. எங்கள் நாட்டில் உயிர் பிரிந்ததும் உற்றார் செய்யும் முதற் காரியம், கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது. அம்மூவரில் எவரும் அதைச் செய்யவில்லை. அரசியார் எழுந்து மேடையேறினார். தம் முந்தானையில் ஒரு கீற்றுக் கிழித்து, அந்த விரல்களைக் கட்டினார். அந்த நல்ல மனிதர் அசையவே இல்லை.

பின்பு தூதரிடம், “ஐயா, என் பிள்ளைக்கு இதை யாராவது கட்டினார்களா?” என்று கேட்டார். “கூத்தை ஏற்றிவரக் கப்பல் இருந்ததே, அவனை ஏற்றிவர ஒன்று இல்லாமல் போயிற்றா?” என்று சொல்லி, அங்கேயே அமர்ந்துவிட்டார்.

ஆதலின் அரசியார் ஆணை இது: அடுத்த காற்றிலேயே இளவரசரின் எலும்புகள் எங்கள் துறை சேர வேண்டும். சேரும்வரை தங்கள் கலம் எதுவும் இங்கே நங்கூரம் இறக்கலாகாது. கூத்தர்மேல் குற்றமில்லை, பட்டும் பொன்னும் அளித்தே அனுப்புகிறோம்.

இதுவரை எழுதியதை அரசியார் கேட்டு இசைந்தார். இனி வருவது அவர் கேளாதது. எலும்புகளோடு மறுமொழி ஓலையும் வரட்டும். விரல்கள் கட்டப்பட்டனவா என்று தாங்கள் எவரையும் விசாரிக்க வேண்டா. கட்டினோம், நன்றாகவே கட்டினோம் என்று எழுதுக. அதை அரசியார்முன் யானே வாசிப்பேன்.

ஆமை முத்திரையிட்டு, அரக்கு உலருமுன் தூதர் கையில் தருகிறேன். கலம் புறப்படுகிறது.