பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாள்

1943 ஆகஸ்ட் 3

பள்ளியில் ஜப்பான் ஆண்டுக் கணக்குப்படி 2603 என்று எழுதச் சொல்கிறார்கள். இந்த நோட்டில் 1943தான். அம்மா தூங்கிவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் சொக்கப்பச் செட்டியாரிடம் போனோம். அப்பா இருந்தவரை பின்கதவை ஒட்டிப் படுத்துக்கொள்வார். அவரைச் சயாம் ரயில் வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து கதவைக் கயிற்றால் கட்டுகிறோம். ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுங்கள் என்று அம்மா கேட்டாள்.

"இரும்புக்கு எங்கம்மா போறது? காஜா பேராங் கடைத்தெரு முழுக்கத் தேடினாலும் ஒரு ஆணி அகப்படாது. பார்ப்போம்."

போன வாரம் எதிர் வரிசையில் ஜப்பான் சிப்பாய்கள் கோழி தேடி வந்தார்கள். கோழிதான் தேடினார்களா?

ஆகஸ்ட் 6

பக்கத்து வீட்டு ருக்மணிக்குத் தாழ்ப்பாள் வந்துவிட்டது. செட்டியார்தான் ஆசாரியை அனுப்பினாராம்.

"இழுத்துப் பாரேன் மல்லிகா, வெண்ணெய் மாதிரி போகுது. தேங்காயெண்ணெய் விட்டிருக்கேன்."

இழுத்தேன். நல்லாயிருக்கு என்றேன்.

அவர்களுக்கு மட்டும் இரும்பு எங்கிருந்து வந்தது?

ஆகஸ்ட் 7

சுவருக்கு அந்தப் பக்கம் டக். இந்தப் பக்கம் மூன்று முடிச்சு.

ஆகஸ்ட் 11

கிணற்றடியில் ருக்மணி நான்கு தட்டுகள் கழுவினாள். அவள், அவள் அப்பா, அம்மா — மூன்று பேர்தானே? அண்ணன் ஜெயபாலன் சிங்கப்பூரில் என்றல்லவா சொன்னார்கள்?

இப்போது பலகைச் சுவர் வழியே இருமல் கேட்கிறது. ஜெயபாலனின் இருமல் எனக்குத் தெரியாதா? சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் இருக்க ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

எங்கப்பா மட்டும் போகணுமா? அவளுக்கு அப்பா இருக்கார், அண்ணன் இருக்கான், தாழ்ப்பாளும் இருக்கு. எனக்குக் கயிறு.

ஆகஸ்ட் 13

பள்ளி விட்டதும் செட்டியாரிடம் போனேன். தனியாக.

"ருக்மணி வீட்டுல நாலு பேரு இருக்காங்க ஐயா."

விசிறியைக் கீழே வைத்தார். அவருக்கு முன்பே தெரியும். தாழ்ப்பாள் அதற்குத்தான். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

அதோடு வந்திருக்கலாம். வரவில்லை.

"எங்களுக்கும் ஒண்ணு வேணும்."

விசிறியை மறுபடி கையில் எடுத்தார். "வீட்டுக்குப் போம்மா. வாயத் தொறக்காத."

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்ல மாட்டேன். ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 14

ருக்மணி கிணற்றடிக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 16

காலையில் பக்கத்து வீடு திறந்து கிடந்தது. அடுப்புச் சாம்பலில் இன்னும் சூடு இருந்தது.

"குருபோங் பக்கம் போயிட்டாங்கன்னு ஒருத்தி சொல்றா, ஏதோ எஸ்டேட்டுன்னு ஒருத்தி சொல்றா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே," என்று அம்மா புலம்பினாள்.

மத்தியானம் செட்டியார் ஆசாரியோடு வந்தார். அங்கே கழற்றி இங்கே போட்டார்கள். "புதுசுக்கு வழியில்லம்மா," என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இப்போதுதான் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தேன். வெண்ணெய் மாதிரிதான் போகிறது. விரலில் தேங்காயெண்ணெய் வாசம்.

கயிற்றையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.