உப்புநகரத்தின் கடைசி அத்தியாயம்

786

சாய்ந்தமருது,
09.03.1984, வெள்ளிக்கிழமை.

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் காலிதீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் நதீராவும் அல்லாஹ்வின் கிருபையில் நடமாடித் திரிகிறோம். தம்மாமில் இப்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். லொறியோடு பாலைவனத்தில் நிற்கும் உங்களுக்கு ஒரு தீங்கும் அணுகக் கூடாது என்று ஐந்து வக்திலும் கேட்கிறேன்.

ஹமீட் காக்கா லீவில் வந்து, நீங்கள் கொடுத்தனுப்பிய சவர்க்காரமும் சட்டைத் துணியும் கடிதமும் தந்தார். துணி நல்ல வடிவு. மகள் அதை இன்னும் வெட்ட விடவில்லை, வாப்பா வந்து பார்த்த பிறகுதான் தைக்க வேண்டுமாம். கடிதம் ஆறு வரி. நாலு பக்கம் எழுதுகிற ஆள் ஆறு வரி எழுதினால் வேலை கூடவாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஆறு வரியில் மூன்று வரி, கிழமைப் புத்தகத்தில் நாம் தொடராக வாசித்த கதையின் படத்தைப் பற்றி. நம்மட உப்புநகரக் கதை படமாக வந்துவிட்டது, கேம்பில் வீடியோ டெக் போட்டுப் பார்த்தோம், கதையை விடப் படம் நல்லா இருக்கு, முடிவு தெரிந்துவிட்டது, இனிக் கடைசி அத்தியாயம் தேவையில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

வழமையாக வீட்டுக் கணக்கை எழுதிவிட்டுத்தான் மற்றக் கதைக்கு வருவேன். இந்த முறை கணக்குக் கொப்பியைத் திறக்கவில்லை. கணக்கு ஒழுங்காக இருக்கிறது, அதை நம்புங்கள். எனக்கு இந்தப் படத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

படம் பார்க்கிற ஆள் நான் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். கல்முனைத் தியேட்டர் வாசலைக் கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கடப்பேன். ஆனால் கதையை விட நல்லா இருக்கு என்று நீங்கள் எழுதின பிறகு எனக்கு இருக்க ஏலவில்லை. கட்டாரில் வேலை செய்கிற மீராமுகைதீன் வீட்டுக்கு டீவியும் டெக்கும் வந்திருக்கிறது. அவருடைய பெண்சாதி சபியா உம்மா அந்தப் படத்தின் கெசட்டை எடுத்திருப்பதாகச் சொன்னதும், ளுஹர் தொழுதுவிட்டு மகளை உம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். ஆம்பிளைகள் இல்லை. ஜன்னலுக்கெல்லாம் படுக்கை விரிப்பைக் கட்டி இருட்டாக்கி, பெண்கள் மட்டும் பாயில் நெருக்கி இருந்தோம்.

குறை மட்டும் சொல்ல மாட்டேன். கடலுக்குள் இறங்குகிற அந்த உப்புப் படிக்கட்டு வந்தபோது பாயில் நிமிர்ந்து இருந்துவிட்டேன். நான் வாசிக்க வாசிக்க மனதில் கட்டிய அதே படிக்கட்டு. வெள்ளை வெள்ளையாக, ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் உடைந்து விழுந்தது. என் தலைக்குள் இருந்ததை இவர்கள் எப்படிக் கண்டார்கள் என்று கண்ணீர் வந்துவிட்டது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் பிழைத்தது. படகோட்டி ஆதனாக வந்தவர் துடுப்பைப் பிடித்த பிடியைப் பார்த்து நம்மட பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்து வளவு ஹவ்வா உம்மாவைத் தெரியும்தானே, வாய் சும்மா இராது. இவனை நம்பி அடுப்பில சட்டி வெச்சா சட்டிதான் கருகும், நெத்தலியும் வராது என்றா. பிறகு ஆதன் கடலுக்குப் போனதும் அவனுடைய தாய் வந்து மருமகளை வீட்டை விட்டுத் துரத்துகிறாள். பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீடு பொம்புளைடதானே, மாப்பிள்ளைட உம்மா எப்படிகா துரத்துவா, நம்மட ஊர் எண்டா அவட சாமானையெல்லோ றோட்டில எறிஞ்சிருப்பம் என்று ஹவ்வா உம்மா டீவியோடு சண்டைக்கே போய்விட்டா. இந்தியாவில பொம்புளதான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போறதாம் என்று சபியா உம்மா விளங்கப்படுத்தினா. கதையில் அப்படி ஒரு இடமே இல்லை. பெண்சாதி வெண்ணியுடைய வீட்டில்தான் ஆதன் இருந்தான் என்று நான் வாசித்தேன். எழுத்தில் அப்படி இருந்ததா, நம்மட வழக்கத்தை வைத்து நானே அப்படி வாசித்துக்கொண்டேனா, இப்போது நிச்சயமாகச் சொல்ல ஏலாது.

படத்தைப் பார்த்த பிறகு கதை உங்களுக்கு மறந்திருக்கும் என்று பயமாக இருக்கிறது. திரும்பச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். கடலுக்கு அடியில் இருக்கிற உப்புராணியின் நகரத்தில் ஒரு நேரம் சாப்பிட்டால் ஒரு ஞாபகம் போகும். ஆதன் முதல் நாட்களில் பசி கிடந்தான். பிறகு சாப்பிட்டான். முதலில் படகின் பெயர் மறந்தது, பிறகு ஊர், பிறகு பெற்ற தாய். கரையில் வெண்ணி ஒவ்வொரு அமாவாசையும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அவன் மறந்திருக்கக் கூடிய ஒன்றைச் சத்தம் போட்டுச் சொல்லுவாள். கடல் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும். எல்லாம் சொல்லுவாள், தன் பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். அதை அவன் தானாகச் சொல்ல வேண்டும்.

அந்த வெண்ணிக்கு முகம் முழுக்க அம்மைத் தழும்பு. அந்த அத்தியாயம் வந்த நாள் நினைவிருக்கிறதா? வட்டையில் உழுதுவிட்டு டிரக்டர் சேற்றோடு வந்து, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே வாசி வாசி என்பீர்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிப்பேன். தழும்பு என்ற இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. நீங்கள் எழும்பி வந்து ஈரக் கையால் என் கன்னத்தைத் தொட்டு, கதை எழுதினவன் என்ட பொஞ்சாதியைக் கண்டிருக்கான் என்றீர்கள். அன்றிலிருந்து ஆள் இல்லாத நேரத்தில் என்னை வெண்ணி என்றுதான் கூப்பிட்டீர்கள்.

படத்தில் வெண்ணிக்கு முகம் பளிங்கு மாதிரி. ஒரு புள்ளி இல்லை. அந்த முகத்துக்கு அழக்கூடத் தெரியவில்லை. இடைவேளைக்கு முன்னமே காய்ச்சலில் மவுத்தாக்கிவிட்டார்கள். பிறகு ராணிக்குப் பாட்டு, ராணிக்கு உடுப்பு, ராணிக்குக் கலியாணம். கரையில் நின்று கூப்பிட ஆள் இல்லை. கூப்பிட ஆள் இல்லாத கதையை எப்படி மச்சான் நல்லா இருக்கு என்று எழுதினீர்கள்?

மகள் ஓதப் போக வேண்டும். இதோடு நிறுத்திவிட்டுப் பிறகு எழுதுகிறேன்.

சனிக்கிழமை.

சுபஹ் தொழுதுவிட்டு இதை எழுதுகிறேன். நேற்று நான் எழுதியதை வாசித்துப் பார்த்தேன். எழுத வேண்டியதை எழுதாமல் படத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறேன். இன்று எழுதிவிடுகிறேன்.

படத்தின் முடிவில் ஆதன் ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு மாளிகைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறான். அப்போது ஹவ்வா உம்மா சொன்னா, இப்பதான் புள்ள சரி, மாப்பிள்ளை பொம்புளைட வீட்டுக்குக் குடி வந்திட்டான், ஓட்டுக் கல்வீடு கிடைச்சா கிடுகு வீட்டுக்கு எவன் திரும்பி வருவான் என்று. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஒரே நேரத்தில் எல்லாருடைய சிரிப்பும் நின்றது. யாரோ ஹவ்வா உம்மாவின் தொடையில் கிள்ளினார்கள், அந்த இருட்டிலும் கண்டேன். அவ தலையைக் குனிந்துகொண்டா. வாய் ஓயாத மனிசி. நான் ஒருத்தி மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டு இருந்தேன் மச்சான்.

படம் முடிந்து வெளிக்கிடும்போது வாசல் கடப்படியில் வைத்துச் சபியா உம்மாவின் கையைப் பிடித்துக் கேட்டேன். அவ அழுதுகொண்டு சொன்னா. அக்கரைப்பற்றில் உங்களுக்கு இரண்டாம் கலியாணம் பேசி முடித்தாயிற்றாம். ஓடு போட்ட கல்வீடாம். பெருநாளைக்கு லீவில் வரும்போது காவின் எழுதுகிறதாம். ஹமீட் காக்காதான் நடுவில் நின்று கதைத்தாராம். என்னுடைய துணியைக் கொண்டுவந்த அதே கை. ஊருக்கெல்லாம் தெரியும், இந்த வளவுக்குள் மட்டும் வரவில்லை.

மார்க்கம் இடம் தந்த விசயத்தில் தடை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதை நான் அல்லாஹ்வுக்குப் பயந்து எழுதுகிறேன். ஆனால் மறைத்துச் செய்யும்படி எந்த மௌலவியும் ஓதித் தரவில்லை. இரண்டு பக்கமும் நீதி என்கிறார்கள். ஆறு வரிக் கடிதத்தில் என்ன நீதி? நம்மட வழக்கத்தில் ஆம்பிளைக்கு இரண்டு வீடு என்றால் ஒன்று வீடு, மற்றது வந்து எட்டிப் பார்க்கிற இடம். அது எது என்று கிடுகையும் ஓட்டையும் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

உம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சுவர் எழுப்ப நீங்கள் இறக்கிய கல் வேலியோரம் அடுக்கினபடி இருக்கிறது. பாசி பிடித்துவிட்டது. நான் அதை ஒவ்வொரு கிழமையும் கழுவுகிறேன். எதற்குக் கழுவுகிறேன் என்று நேற்றுத்தான் என்னையே கேட்டேன்.

இன்னொன்று எழுத வேண்டும். நீங்கள் பயணம் போன அன்று கொழும்பு பஸ் ஏறுகிறபோது என்ன சொன்னீர்கள்? மிச்சக் கதையை எழுதி அனுப்பு, கடைசி அத்தியாயத்தை மட்டும் வைத்திரு, நான் வந்த பிறகு நீ சத்தமாக வாசிக்க வேண்டும் என்றீர்கள். பெண் படம் போட்ட புத்தகத்தை அங்கே தபாலில் விடமாட்டார்கள் என்றதால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் கையால் எழுதி அனுப்பினேன். கடைசிக்கு முந்தினதில் ஆதன் வெண்ணியின் பெயரையும் மறந்துவிட்டு அந்தப் படிக்கட்டில் நிற்கிறான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதோடு நிறுத்தினேன்.

கடைசி அத்தியாயத்தை அது வந்த நாளே வெட்டி எடுத்து, மடித்து, நூலால் கட்டி அலுமாரியில் என் கலியாணப் புடவைக்குள் வைத்தேன். இரண்டு வருசமாகிறது. நானும் வாசிக்கவில்லை. வாசித்தவர்கள் சொல்ல வந்தால் காதைப் பொத்தினேன். இவளுக்குக் கதையில பைத்தியம் என்று சிரித்தார்கள்.

நேற்று அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். நூலை அவிழ்க்க விரல் வரவில்லை. படம் பிழை, கதை அப்படி இல்லை என்று இவ்வளவு எழுதினேனே, உண்மையில் எனக்குத் தெரியாது மச்சான். புத்தகத்திலும் அவன் மாளிகைக்குத்தான் போனானா? வெண்ணி தண்ணீரில் நின்றே முடிந்துபோனாளா? அவிழ்த்துப் பார்த்தால் என் உயிர் போய்விடும் போல இருக்கிறது. அவிழ்க்காமலும் இருக்க ஏலவில்லை. திரும்பவும் கட்டின கட்டோடு வைத்துவிட்டேன்.

முடிவு தெரிந்துவிட்டது என்று எழுதினீர்களே. உங்களுக்கும் தெரியாது. யாரோ காசுக்கு எடுத்த முடிவுதான் தெரியும். நம்மட வீட்டில் இருக்கிறதை நீங்களும் நானும் இன்னும் வாசிக்கவில்லை.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். பெருநாளைக்கு வந்து இறங்கினால் முதலில் இந்தக் கிடுகு வீட்டுக்கு வாருங்கள். அசருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் போதும். கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வந்து இருங்கள். நூலை நீங்களே அவிழ்த்துத் தாருங்கள். நான் எழுத்துக் கூட்டாமல் இப்போது கடகடவென்று வாசிப்பேன். வாசித்து முடித்த பிறகு அக்கரைப்பற்று பஸ்ஸுக்குப் போகத்தான் வேண்டும் என்றால் உங்கள் பேக்கை நானே தூக்கித் தருவேன். எழுதிவிட்டேன். எனக்கு ஏலுமா என்று கேட்க வேண்டாம்.

அங்கே நீங்கள் சாப்பிடுகிற ஒவ்வொரு கவளத்துக்கும் அல்லாஹ் பறக்கத் செய்யட்டும். எதையும் உங்கள் நெஞ்சிலிருந்து எடுத்துவிடாமல் இருக்கட்டும்.

உங்கள் ஊர் சாய்ந்தமருது. உங்கள் டிரக்டர் சிவப்பு, இடது பக்க மட்காட் நெளிந்தது. உங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் நீங்கள் வைத்த மாதுளை இந்த வருசம் பூத்திருக்கிறது. உங்கள் மகளின் பெயர் நதீரா, அவள் அல்ஹம்து சூறாவைப் பார்க்காமல் ஓதுகிறாள். நீங்கள் போகும்போது அவளுக்குப் பேச்சு வரவில்லை, இப்போது உங்களைக் கேட்கிறாள்.

இந்தக் கடிதத்தில் எங்கேயும் என் பெயரை எழுதவில்லை. அடியிலும் எழுத மாட்டேன். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,