இரண்டாவது விலை

என் சிநேகிதிக்கு,

குளியலறையில் சுவர்த் தூசியின் மணம் இன்னும் போகவில்லை. பழைய சுண்ணாம்புச் சுவர். துளை போட்டதும் மாவாக உதிர்ந்தது. இருமுறை கழுவிவிட்டேன். நாம் ஏறி இறங்கிய ஹார்டுவேர் கடைகளிலெல்லாம் இதே வாடைதான் அடிக்கும். அதனால் காலையிலிருந்து உன் நினைவாகவே இருக்கிறது.

போன மாதம் குளிக்கும்போது வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை, இடுப்பு கன்றிப்போனதோடு சரி. ஆனால் சென்னையிலிருந்து மகன் புதுச்சேரிக்கு ஓடி வந்தான். "வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துடும்மா" என்றான். கல்யாணமாகி நான் வந்த வீடு இது. என் கணவர் கடைசியாகக் கண்மூடியதும் இங்கேதான். குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்துகிறேன், பார்த்துவிட்டுச் சொல் என்றேன். "எனக்குத் திருப்தியா இல்லன்னா நீ கெளம்பிடணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆகவே கடைக்குக் கிளம்பினேன், நீ இல்லாமல்.

நாம் பழகியதே ஒரு குழாயால்தான். கணவர் போன புதிதில் முதன்முதலாகத் தனியாக நேரு வீதிக்குப் போய், கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். விலை பேசுவது கௌரவக் குறைச்சல் என்று கான்வென்ட் சிஸ்டர்கள் எங்களைப் பழக்கியிருந்தார்கள். நீ பின்னாலேயே வந்தாய். மில் தொழிலாளியின் மனைவி, சாதாரண வாயில் புடவை, கையில் அதே மாதிரிக் குழாய்.

"மதாம், உங்க பொடவைக்கும் சேத்து வெல போட்டுட்டான், பாத்தீங்களா?"

கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத என் புடவையைத்தான் சொன்னாய். நீ கொடுத்தது நாற்பது ரூபாய் குறைவு. எனக்குக் கோபம் கடைக்காரர்மேல் வரவில்லை, உன்மேல் வந்தது.

"நான் உங்கள ஒண்ணும் கேக்கலியே."

"அதத்தான் சொல்றேன். நீங்க யாரையும் எதுவும் கேக்கல."

அதன்பிறகு எல்லாம் உன் திட்டம்தான். முதலில் நான் போய் விலை கேட்பேன். சற்றுப் பொறுத்து நீ போய், என்னை அறியாதவள்போல அதே பொருளைக் கேட்பாய். எதிர்க்கடையிலும் அப்படியே. பிறகு கரும்புச்சாறு வண்டியருகே நின்று ஒப்பிடுவோம். தாழ்ப்பாள், பெயின்ட், தண்ணீர்த் தொட்டி என்று இரண்டு வீட்டுக்கும் இப்படித்தான் வாங்கினோம். உன் பர்ஸில் ஒரு காந்தம் இருக்கும்; நல்ல எவர்சில்வரில் அது ஒட்டாது. எவர்சில்வர் என்று கடைக்காரர் நீட்டியதில் அது ஒட்டிக்கொண்டால், "நம்ம ஊரு உப்புக் காத்துக்கு இது ஒரு வருஷம் தாங்குமாப்பா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாய்.

இந்தமுறை முதலில் ரெட்டியார்பாளையத்தில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய ஷோரூமுக்குப் போனேன். குளிர்சாதன வசதி, எல்லாவற்றிலும் விலைச்சீட்டு. யார் வந்தாலும் ஒரே விலை என்பதால் அங்கே உன் சாமர்த்தியம் செல்லாது. கம்பி மலிவாகத்தான் இருந்தது. ஆனால் சுண்ணாம்புச் சுவருக்கான நீள போல்ட் அவர்களிடம் இல்லை. பொருத்தித் தர ஆளுக்குத் தனிக் கட்டணம். அடுத்து நேரு வீதியில் எதிர்க்கடை. அங்கிருந்தவர் கைபேசியிலிருந்து தலை தூக்கவேயில்லை. கடைசியாக நம் கடை. முதலாளிக்குத் தலை நரைத்துவிட்டது.

"வாங்க மதாம். எங்க, உங்க கூட்டாளி வரலியா?"

"எந்தக் கூட்டாளி?" என்றேன். பழக்கதோஷம்.

"அதான், தெரியாதவங்க மாதிரி பின்னாடியே வருவாங்களே. வெளிய ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு கரும்புச்சாறு குடிப்பீங்க. இங்கேருந்து பாத்தா நல்லாத் தெரியும்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"ரெண்டாவது வர்றவங்களுக்கு எப்பவும் கொஞ்சம் கொறச்சுத்தான் சொல்லுவேன். அப்பத்தான எதிர்க்கடைக்குப் போவாம இங்கயே வாங்குவீங்க?"

இத்தனை வருடமும் நாம் ஜெயித்ததாக நினைத்தோம். நீ இருந்திருந்தால் முதலில் அவரோடு சண்டை பிடித்திருப்பாய், பிறகு வண்டியருகே நின்று மூச்சுத் திணறச் சிரித்திருப்பாய். நீ போய்விட்டதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இன்னிக்கு ரெண்டாவது வெலயே சொல்லிடறேன்" என்றார்.

அவர் இரக்கப்பட்டார் என்பதற்காக நான் வாங்கவில்லை. போல்ட், பிளம்பர் கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தேன். ஷோரூமைவிட அவர் விலைதான் குறைவு.

இன்று மகன் வந்தான். ஒவ்வொரு கம்பியையும் பிடித்து முழுக் கனத்தோடும் தொங்கிப் பார்த்தான். தரையில் காலைத் தேய்த்துப் பார்த்தான். கைகழுவிவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்தான். முன்பென்றால் அவனாகச் சொல்லட்டும் என்று நானும் வாய்மூடி இருந்திருப்பேன்.

"நான் இங்க இருக்கலாமா, கூடாதா? சொல்லிட்டுச் சாப்பிடு" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். "இரும்மா. ஆனா தெனம் காலையில எனக்கு போன் பண்ணணும்."

"பண்றேன். மாசம் ஒரு தடவ நீ வரணும்."

"மாசம் ஒரு தடவ கஷ்டம்மா. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வரேன்."

விலை படியாதபோது நீ வாக்குவாதம் செய்யமாட்டாய். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிவிடுவாய். நான் மீன்குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் திரும்பினேன்.

"சரி சரி, மாசம் ஒரு தடவ. சட்டிய வைம்மா" என்றான்.